குழந்தைக் காப்பகத்தில் சால்மொனெல்லா: மரபணு ஆய்வை லேப் முகவரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் போகும் குழந்தைக் காப்பகத்தில் ஏழு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. மலப் பரிசோதனையில் சால்மொனெல்லா என்றார்கள். சமையல் செய்யும் அம்மாவுக்கும் அதே கிருமி இருக்கிறதாம். சுகாதாரத் துறையினர் மாதிரிகளை மரபணு வரிசை ஆய்வுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது, பதிலே இல்லை. "பணம் கட்டுங்கள், குழந்தையின் மலத்திலிருந்தே முழு ஜீனோம் பார்த்து, யாரிடமிருந்து வந்தது, எந்த மருந்து வேலை செய்யும் என்று ஐந்து நாளில் சொல்லிவிடுகிறோம்" என்கிறார் ஒரு லேப் முகவர். கொடுக்கலாமா? முடிவு வராததால் மகளின் சிகிச்சை தள்ளிப்போகிறதா?

பதில்: கொடுக்காதீர்கள். சிகிச்சை எதுவும் தள்ளிப்போகவில்லை. நன்றாக இருக்கும் குழந்தைக்கு சால்மொனெல்லா வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலும் கண்காணிப்பும்தான் முக்கிய மருத்துவம். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. தேவையில்லாமல் கொடுத்தால் மலத்தில் கிருமி வெளியேறும் காலம் நீளக்கூடும். மலத்தில் ரத்தம், இறங்காத காய்ச்சல், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசு என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. மருந்து தேவைப்பட்டால், கல்ச்சரில் வளர்ந்த கிருமியின் மேல் மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கும் பழைய சோதனையே எது கேட்கும் என்று காட்டிவிடும்.

மரபணு ஆய்வு உங்கள் மகளுக்கான மருந்துச்சீட்டு அல்ல. கிருமி எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடித்து, அடுத்த குழந்தைக்கு வராமல் தடுக்கத்தான் அதைச் செய்கிறார்கள். சால்மொனெல்லாவின் மரபணுத்தொடர், அதாவது முகவர் சொல்லும் ஜீனோம், ஏறக்குறைய 48 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்குள் ஐந்து எழுத்தோ அதற்கும் குறைவாகவோதான் வித்தியாசம் என்றால், இருவருக்கும் பொதுவான மூலம் இருக்கலாம் என்று தேடத் தொடங்குவார்கள். அது தேடலின் தொடக்கம் மட்டுமே.

இனி முகவர் சொன்னதற்கு வருவோம். மலத்தை அப்படியே மரபணு படிக்கும் இயந்திரத்தில் போட்டால் குடலில் வாழும் நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்களின் மரபணுக்கள் எல்லாம் கலந்து வரும். அறிக்கையில் "மருந்து எதிர்ப்பு மரபணு உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். அது சால்மொனெல்லாவுடையதா, யாருக்கும் தீங்கு செய்யாத குடல்வாசியுடையதா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதை நம்பி குழந்தைக்கு வீரியமான ஊசி மருந்து போடுவது பெரிய தவறு. மூலம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கிருமியைத் தட்டில் வளர்த்து, தனிக் காலனியை (ஒரே கிருமியிலிருந்து பெருகிய கூட்டத்தை) பிரித்தெடுத்து, அதன் டிஎன்ஏவைத்தான் படிக்க வேண்டும். அடுத்த ஓட்டை இது: எழுத்து வித்தியாசத்தை எண்ணும் முறை லேபுக்கு லேப் மாறும். ஒரு லேபில் 3 என்று வருவது இன்னொன்றில் 9 ஆகலாம். மூலத்தரவுக் கோப்பைத் தராமல் பிடிஎஃப் மட்டும் தருகிறவரின் முடிவைச் சுகாதாரத் துறையின் முடிவோடு ஒப்பிடவே வழியில்லை. ஒப்பிட முடியாத மரபணுத்தொடரால் யாருக்கும் பயனில்லை. "யாரிடமிருந்து வந்தது" என்று ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சொல்வதாக வாக்களிப்பது நேரடி ஏமாற்று.

சமையல் அம்மாவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அவருடைய கிருமியும் பிள்ளைகளுடையதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும், அவர்தான் பரப்பினார் என்று ஆகாது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற திசையை மரபணுத்தொடர் காட்டாது. பிள்ளைகள் சாப்பிட்ட அதே பொருளை ருசி பார்த்து அவருக்கும் தொற்றியிருக்கலாம். கிருமி நீங்கும்வரை அவர் சமையலிலிருந்து விலகி இருப்பது சரி, பழி போடுவது சரியல்ல. யாருக்கு எந்த நாள், எந்த நேரம் அறிகுறி தொடங்கியது, யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல்தான் திசையைக் காட்டும்.

உணவு மாதிரியும் அவ்வளவே முக்கியம். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் உணவு வழியே பரவும் லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரும்பாலான நோயாளிகளிடம் இருந்தது எஸ்டி6 என்ற ஒரே வகை என்று மரபணு ஆய்வு காட்டியும் மூலம் பிடிபடவில்லை. 2018 ஜனவரியில் ஜோஹனஸ்பர்க்கில் ஒரு மழலையர் காப்பகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்தக் காப்பகத்தின் குளிர்பெட்டியில் இருந்த போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியில் கிருமி கிடைத்தது. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் தயாரித்த ஆலையில் எஸ்டி6ஐக் கண்டார்கள். குளிர்பெட்டியை யாராவது அதற்குள் கழுவி வைத்திருந்தால் அந்த நூல் கிடைத்திருக்காது.

எனவே காப்பகத்தாரிடம் இன்றே பேசுங்கள். மீதியுள்ள உணவை, பால்மாவு, முட்டை, பாக்கெட் பண்டம் எல்லாவற்றையும் வாங்கிய உறையோடும் தொகுதி எண்ணோடும் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒவ்வொன்றிலும் 100 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். குளிர்பெட்டியில் இருந்தது அங்கேயே இருக்கட்டும், உறைய வைக்க வேண்டாம். உறைந்திருந்ததை உருக விட வேண்டாம். "சாப்பிடக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள்.

மூன்று வாரத் தாமதத்துக்கு உங்கள் கோபம் நியாயம்தான். காலனி வளர்க்க இரண்டு மூன்று நாள், டிஎன்ஏ பிரித்துத் தயார் செய்ய ஓரிரு நாள், இயந்திரத்தில் ஓரிரு நாள், கணினி அலசலுக்கு ஒரு நாள். வேலை இவ்வளவுதான், ஏறக்குறைய ஒரு வாரம். மீதியெல்லாம் இயந்திரம் நிறையப் போதிய மாதிரி சேரக் காத்திருப்பதும், படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று மாதிரி மேசையில் கிடப்பதும்தான். முடிவு வந்தாலும் மேலிடத்துக்குப் போகுமே தவிர, காப்பகத்துக்கு யாரும் தொலைபேசியில்கூடச் சொல்வதில்லை. இதைவிடக் கொடுமை, கிருமியை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவை மட்டும் தேடும் விரைவான பிசிஆர் சோதனையில் "சால்மொனெல்லா" என்று வந்ததும் மலத்தைக் கொட்டிவிடும் லேப்கள். காலனி இல்லையென்றால் படிக்க எதுவுமே இல்லை. இன்னும் யாருக்காவது மாதிரி எடுத்தால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுத்து, கிருமியைச் சாகாமல் வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். புழு முட்டை பார்க்கக் கொடுக்கும் ஃபார்மலின் டப்பாவில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்க்க முடியாது.

தனி நோயாளிக்கே மரபணு ஆய்வு உதவும் இடமும் உண்டு: காசநோய். இதைக் குழப்பிக்கொண்டுதான் முகவர்கள் எல்லாருக்கும் விற்கிறார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வதால் மருந்துச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். பரவலாக உள்ள விரைவுச் சோதனை, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்கான எதிர்ப்பைக் காண ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்துள்ள ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறது. அந்தத் துண்டுக்கு வெளியே ஐ491எஃப் என்ற மாற்றம் இருந்தால் "மருந்து கேட்கும்" என்று தவறாகச் சொல்லிவிடும். சளியிலிருந்தே குறிப்பிட்ட மரபணுக்களைப் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2024 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருப்பது இப்படிப்பட்ட இடைவெளிகளை அடைக்கத்தான். அங்கும் ஆய்வைக் கேட்க வேண்டியவர் காசநோய் மருத்துவர். உங்கள் மகளின் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

முகவருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, சுகாதார அலுவலருக்கு எழுத்தில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: மகளின் காலனி சேமித்து வைக்கப்பட்டிருக்கிறதா? உணவு மாதிரி எடுத்தார்களா, எந்த நாளில்? முடிவு வந்தால் காப்பகத்துக்குத் தெரிவிக்கப்போவது யார்? பதிலில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் வரும்வரை விடாதீர்கள்.