மதுரையில் வீட்டுக் கள்ளிச்செடி பூக்க என்ன செய்யலாம்?

ஹால் ஜன்னலோரம் வைத்த கள்ளி நன்றாகத்தான் இருக்கிறது, பூக்கவே இல்லை என்கிறீர்கள். முதல் சந்தேகம் வெளிச்சத்தின் மேல்தான். தினம் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் பெரும்பாலான கள்ளிகள் மொட்டு வைக்காது, அதனால் மொட்டைமாடிக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, சித்திரை வெயிலுக்குப் பச்சை வலையும் கட்டி.

அப்புறம் ஓய்வு. ஐப்பசி மழை தொட்டியில் விழாமல் பார்த்துக்கொண்டு, மார்கழி, தை இரண்டு மாதமும் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடுங்கள். நம்மூர் மார்கழி இரவே 20 டிகிரி பக்கம்தான். ரெபூட்டியா மாதிரி நல்ல குளிர் கேட்கும் வகைகளுக்கு அது போதாது, ஆசைப்படாதீர்கள். மாமிலேரியா, ஜிம்னோகேலிசியம் வாங்குங்கள், சின்னச் செடியிலேயே பூக்கும். மாசியில் மீண்டும் தண்ணீர் ஊற்றும்போது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், தூக்கலான உரம் கொஞ்சம் போதும். யூரியா வேண்டவே வேண்டாம், உடம்புதான் பெருக்கும்.