பாசாவ் முதல் வியன்னா வரை: குழுச் சைக்கிள் பயணக் கேள்விகள்

வெளிநாட்டில் முதன்முதலாகக் குழுவாகச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு டான்யூப் ஆற்றோரப் பாதையைத் தயங்காமல் சொல்வோம். ஜெர்மனியின் பாசாவில் தொடங்கி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை சுமார் 320 கி.மீ. பெரும்பகுதி சமதளம், வழியெங்கும் பலகைகள் உண்டு. இந்தப் பாதையைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

எட்டுப் பேர் போகிறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம்?

50 முதல் 60 கி.மீ. தனியாக 100 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் எட்டுப் பேர் என்றால் பஞ்சர், படம் எடுக்க, தண்ணீர் நிரப்ப என்று நின்று நின்றுதான் போக வேண்டும். மணிக்கு 16 கி.மீ. ஓட்டினாலும், நின்ற நேரத்தையும் சேர்த்தால் 10, 11தான் வரும். கணக்கைக் குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரை வைத்துப் போடுங்கள். மெல்க் – கிரெம்ஸ் இடையே 35 கி.மீ. சொச்சம்தான்; வாக்காவ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் அங்கேதான், அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். ஷ்லோகன் வளைவுப் பக்கம் படகில் கரை மாற வேண்டியிருக்கலாம். கடைசிப் படகின் நேரத்தை முந்தின நாளே பாருங்கள்.

மேற்கிலிருந்து கிழக்காகவே போங்கள். ஆற்றின் ஓட்டமும் அந்தப் பக்கம்தான், பெரும்பாலும் காற்றும் அப்படித்தான்.

சொந்த சைக்கிளா, வாடகையா?

முதல் பயணம் என்றால் வாடகைதான் எங்கள் கட்சி. பாசாவில் எடுத்து வியன்னாவில் விடும் வசதி இருக்கிறது. ஒவ்வொருவரின் உயரத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம். நம் ஊர் சைக்கிள்களில் வலது பிரேக் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு. அங்கே வழக்கமாகப் பின் சக்கரத்துக்கு. பழக்கதோஷத்தில் இடது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு தலைகுப்புற விழ வேண்டியதுதான். அடுத்தது, வாடகை சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். முதல் நாள் வண்டி நடமாட்டமில்லாத இடத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். சாலையில் வலப்பக்கம்தான் போக வேண்டும்.

சொந்த சைக்கிளையே கொண்டுபோகிறோம். பெட்டியில் எப்படி அடுக்குவது?

புது சைக்கிள் வரும் அட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டு வாங்குங்கள். இருக்கை உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர். இடது பெடலின் மரை தலைகீழ். ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டிப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும்; எதிர்ப்பக்கம் தள்ளினால் இன்னும் இறுகும்.

அதிகம் உடைவது பின் சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவியான டீரெய்லர்தான். அதை அவிழ்த்து, துணி சுற்றி, சைக்கிள் சட்டத்துக்கு (ஃபிரேம்) உள்பக்கமாகக் கட்டுங்கள். முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கிடையே மரத்துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டி அழுந்தும்போது ஃபோர்க் வளையும். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். மறந்தும் பிரேக் பிடிபட்டால் பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. டயரில் பாதிக் காற்று இருக்கட்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். மின்சைக்கிள் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கிளம்பும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் சைக்கிளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்தால், திரும்பும்போது வரிப் பேச்சு வராது. திரும்புவது வியன்னாவிலிருந்து என்பதால் அங்குள்ள சைக்கிள் கடை ஒன்றில் பெட்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

உதிரி பாகங்களை எப்படிப் பங்கிடுவது?

முதலில் எல்லாருடைய டயர் அளவையும் வால்வையும் பட்டியல் போடுங்கள். பிரெஸ்டா, ஷ்ரேடர் என்ற இரு வால்வு வகைகளும் கலந்திருந்தால் இரண்டுக்கும் பொருந்தும் பம்ப் வேண்டும். ஆளுக்கு இரண்டு டியூப். குழுவுக்குப் பொதுவாக ஒரு செயின் கருவி, ஒவ்வொரு கியர் வகைக்கும் இரண்டு இணைப்புக் கண்ணிகள், பிரேக் பேடு, கேபிள். டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். இன்னொருவருடையது உதவாது, அவரவரே கொண்டுவர வேண்டும்.

விசா?

இரவுகள் அதிகம் கழிவது ஆஸ்திரியாவில், எனவே ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு அவசியம். அதில் சைக்கிள் விபத்து சேர்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பல்பொருள் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

வழியில் ஒருவரால் ஓட்ட முடியாமல் போனால்?

வழி தெரிந்த ஒருவர் முன்னால், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் கடைசியில். கடைசி ஆளை யாரும் பின்னால் விடக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் வரும்வரை நில்லுங்கள். முடியாதவரைத் துணையோடு அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு அனுப்பி, அன்றிரவு தங்கும் ஊரில் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், ரெயில்ஜெட் விரைவு ரயிலில் அதற்கு முன்பதிவும் தேவை. உள்ளூர் ரயிலில் ஏறுவது சுலபம்.