சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தோல் பதனிடும் வேலைக்காகப் பம்பாய் வந்தவர் தாத்தா. இப்போது நான் கணவர், மகனோடு செம்பூரில் இருக்கிறேன், வங்கியில் வேலை. மும்பையில் அறுபது வருடத்துக்கு மேலாக நடக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்தில் போன வருடம் இணைச் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் நான்தான், தாராவியிலிருந்து வந்த முதல் ஆளும் நான்தான். சால்வை போட்டு வரவேற்றார்கள். அப்புறம் எனக்குக் கிடைத்த வேலை கோலப் போட்டி, வாசலில் பன்னீர், விருந்தினர் டிபன். முடிவெல்லாம் ஞாயிறு காலை தலைவர் வீட்டுக் காபியோடு முடிந்துவிடுகிறது. பொருளாளர் 18 வருடமாக மாறவில்லை. பீரோ சாவியும் செக் புக்கும் அவரிடம். புதிதாகச் சேர இரண்டு ஆயுள் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யார் போடுவார்கள்? பொங்கல் விழாவுக்குத் தாராவிப் பையன்களின் பறைக் குழுவைக் கூப்பிடலாம் என்றேன். "சபையில சாவு மேளமா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருவர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "உன்னைப் பார்த்தா தாராவின்னே சொல்ல முடியாதும்மா" என்று ஆறுதல் சொன்னார். பொருளாளர் சார்தான் சின்ன வயதில் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எனக்கு அ, ஆ எழுதப் பழக்கியவர். உறுப்பினர் படிவத்தில் எனக்காகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். எனக்கு எதையும் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. ராஜினாமா செய்துவிடவா? இல்லை, எங்கள் ஆட்களுக்குத் தனிச் சங்கம் தொடங்கிவிடவா?

பதில்: அக்கா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராஜினாமா செய்யாதீர்கள். அடுத்த பொதுக்குழு வரைக்குமாவது வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது அந்த ஆறுதல் வார்த்தை. சாவு மேளம் என்று சிரித்தவருக்குப் பதில் சொல்லிவிடலாம். "தாராவின்னே சொல்ல முடியாது" என்பதற்கு என்ன சொல்வது? பாராட்டு மாதிரி வருகிறது. வாங்கிக்கொண்டால், உங்கள் அம்மாவை, உங்கள் தெருவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்ததற்கு நீங்களே சம்மதித்த மாதிரி ஆகிவிடும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த முறை யாராவது சொன்னால், "தாராவிதான் சார், அங்கேதான் படிச்சேன்" என்று சிரித்த முகத்தோடே சொல்லுங்கள். சண்டை வேண்டாம், ஆனால் அந்தப் பாராட்டு மட்டும் உங்கள் கணக்கில் ஏற வேண்டாம்.

நான் மாட்டுங்காவில் இருபது வருடம் குடியிருந்தேன். எங்கள் பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளுக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது மத்திய ரயில்வே தண்டவாளம், அவ்வளவுதான். 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898ல் நகரைச் சீரமைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு ஏற்பட்டு, பிறகு தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் அகலத் தெருக்கள் போட்டது. குமாஸ்தா, டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் அங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். தோல் பதனிட வந்தவர்களுக்குத் தண்டவாளத்துக்கு மேற்கே சதுப்பு நிலம் கிடைத்தது. இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். ஆனால் சபை, சமாஜம், சங்கம் என்று நாம் எழுப்பியதில் பாதிக்கு மேல் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்களை நினைத்து எழுப்பியது. அந்தப் பக்கத்திலும் தமிழர் கட்டிய கோயில்களும் மன்றங்களும் உண்டு. நம் விழா அழைப்பிதழ் அங்கே போனதில்லை. இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை, அந்த அழைப்பிதழ்களில் சிலவற்றுக்கு முகவரி எழுதியவள் நான்.

சரி, உங்கள் பதவிக்கு வருவோம். 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் நடந்தது ஞாபகம் இருக்கும். தேர்தலில் ஜெயித்துத் தலைவரான பட்டியல் சமூகத்துப் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த புகைப்படம் ஊரெல்லாம் சுற்றியது. நாற்காலியில் உட்காரவிடாததைப் பார்த்து எல்லோருக்கும் கோபம் வந்தது. உங்களுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், சால்வையும் போட்டிருக்கிறார்கள். அதனால் யாருக்கும் கோபம் வராது. உங்களுக்கே சரியாகக் கோபப்பட முடியவில்லை. ஒரு சங்கத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க மேடையைப் பார்த்தால் போதாது. பீரோ சாவி, செக் புக், உறுப்பினர் பட்டியல், மினிட்ஸ் நோட்டு, இந்த நாலும் யார் வீட்டில் தூங்குகின்றன என்று பாருங்கள்.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலேயே ஒன்று சொல்கிறேன். நம் மாட்டுங்கா ஸ்டேஷன் 2017லிருந்து முழுக்கப் பெண்கள் நடத்துவது. ரயில்வே அங்கே ஒரு மகளிர் கவுன்ட்டர் திறந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. ஸ்டேஷன் மேனேஜர், டிக்கெட் கொடுப்பவர், டிக்கெட் பரிசோதகர், பாதுகாப்புப் படை, அறிவிப்பு எல்லாமே பெண்கள். வண்டி தாமதமானாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மேனேஜர்தான். பொறுப்பு என்றால் அது.

அதனால் கோலப் போட்டியை உதறாதீர்கள். அதை நடத்தும் பெண்கள்தான் நாளைக்கு உங்களுக்கு ஓட்டு. ஆனால் வேலையோடு பணமும் வர வேண்டும் என்று கேளுங்கள். டிபன் செலவுக்குத் தொகை ஒதுக்கி, அந்தக் கணக்கை நீங்களே எழுதி, நீங்களே பொதுக்குழுவில் வாசிப்பதாகச் சொல்லுங்கள். அடுத்தது மினிட்ஸ். இணைச் செயலாளர் மினிட்ஸ் எழுதுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது, பெரும்பாலும் யாரும் விரும்பாத வேலை அது. எழுதத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காபியில் முடிவான விஷயம் கூட்டத்தில் வரும்போது, "இது எப்ப முடிவாச்சு சார்? எந்தத் தேதின்னு போடட்டும்?" என்று பேனாவோடு கேளுங்கள். குரலை உயர்த்தவே வேண்டாம். இரண்டு மூன்று தடவை கேட்டாலே காபி கொஞ்சம் ஆறும்.

அப்புறம் விதிமுறைகளை வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் பயப்பட வேண்டாம். 1860ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதிவாளரிடம் தாக்கல் செய்த ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது. அன்றைக்குச் சட்டத்தில் எழுதிய கட்டணம் ஒரு ரூபாய். மகாராஷ்டிரத்தில் இந்த மாதிரிச் சங்கங்கள் 1950ஆம் வருடத்துப் பொது அறக்கட்டளைச் சட்டத்திலும் பதிவாகியிருக்கும். நிர்வாகிகள் மாறினால் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வருடா வருடம் தணிக்கைக் கணக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் பெயர் அங்கே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால், சால்வை போட்டதோடு சரி என்று அர்த்தம்.

படிக்கும்போது அந்த இரண்டு கையெழுத்து விதி எந்த வருடம் வந்தது என்று தேடுங்கள். "ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான்" என்பார்கள். ஹாஜி அலி தர்காவில் பெண்கள் உள்ளறைவரை போகக் கூடாது என்று தடுத்தபோதும் பழைய வழக்கம் என்றே பேச்சு வந்தது. 2011, 2012 வாக்கில்தான் அந்தத் தடையே வந்தது. அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்களே வழக்குப் போட்டார்கள். 2016 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை செல்லாது என்றது, அந்த நவம்பரிலேயே பெண்கள் உள்ளே போனார்கள். நாம் வழக்கம் என்று கும்பிடுகிறவற்றில் பல நம்மைவிட வயதில் சின்னவை. உங்கள் சங்கத்துக் கையெழுத்து விதியும் அப்படி இருக்கலாம்.

பறை விஷயம். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம் என்று அடுக்குகிற அதே வரிசையில் பறையையும் சொல்கிறது. திருவள்ளுவர் படத்துக்கு மாலை போடுகிற சபையில் இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் எதற்கு? மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வாங்கினால்தான் மரியாதை என்று நான் சொல்லவில்லை, கேட்கிறவர்களுக்கு விருது புரியும். ஆனால் ஒன்றில் உஷாராக இருங்கள். "சரி, வந்து வாசல்ல அடிக்கட்டும்" என்று இறங்கி வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேடை, மைக், அழைப்பிதழில் குழுவின் பெயர், மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கிற அதே தொகை, அப்புறம் அதே பந்தியில் சாப்பாடு. இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பையன்களைக் கூப்பிடாதீர்கள். பாவம், அவர்களை ஏன் அவமானப்படுத்த வேண்டும்?

இனி உங்கள் பொருளாளர் சார். உங்களுக்குத் தூக்கம் கெடுவது இவரால்தான் என்று தெரிகிறது. வருடங்களுக்கு முன் நான் ஒரு சின்ன அமைப்பில் செயலாளராக இருந்தபோது, சாவியைக் கொடுக்கவே கொடுக்காத ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து கூட்டத்தில் அவரைக் கேள்வி கேட்டோம். அவர் கை நடுங்கியது. சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்தால் எதுவும் புரியவில்லை. ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில், வருடவாரியாக நூல் கட்டி. எந்த வங்கியில் எந்த வைப்புத்தொகை என்பது அவர் மண்டையில்தான் இருந்தது. வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது வாரம் அவர் கேட்டார், "இதெல்லாம் குடுத்துட்டா அப்புறம் என்னை யாரும்மா கூப்பிடுவா?" அவர் பணத்தில் கை வைத்தவர் இல்லை. சாவி போனால் தன்னைத் தேடி வர ஆளில்லை என்ற பயம் அவருக்கு. அதை முதல் வாரமே கேட்டிருந்தால் அந்தக் கூட்டமே நடந்திருக்காது.

உங்கள் சாரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். அவர் சொல்லிக்கொடுத்த எழுத்துக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள், உண்மைதான். அவர் செய்வதற்கெல்லாம் தலையாட்டித்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். இல்லையென்றால் உங்கள் படிவத்தில் ஏன் கையெழுத்துப் போடப் போகிறார்? அதையே அவரிடம் கேளுங்கள். எனக்குப் போட்ட கையெழுத்தை இன்னும் நாலு பேருக்குப் போடுவீர்களா என்று. ஒரே ஒருவரை மட்டும் கொண்டுவராதீர்கள். தனியாக உட்கார்ந்திருப்பதன் வலி உங்களுக்குத் தெரியும்.

நேரத்தையும் பாருங்கள். இது நான் செய்த தப்பிலிருந்து சொல்வது. எங்கள் பெண்கள் வாசிப்பு வட்டம் வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூடும். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வருகிறேன் என்று கேட்டார். "எல்லாருக்கும் வியாழன்தான் வசதி" என்றேன். அந்த எல்லாரும் யார்? ஏற்கெனவே உள்ளே இருந்த பதினோரு பேர். அவர் திரும்பக் கேட்கவே இல்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

தனிச் சங்கம் தொடங்குவது தப்பே இல்லை. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட மன்றங்கள்தான் தாராவியில் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் கோபத்தில் தொடங்காதீர்கள். இரண்டு பொதுக்குழு பாருங்கள். மினிட்ஸ், உறுப்பினர் விதி இரண்டிலும் எதுவுமே நகரவில்லை என்றால் கிளம்புங்கள், நான் தடுக்க மாட்டேன்.

பெரியவர்களிடம் பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 1966ல் சிவசேனா தொடங்கி, தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று ஊரே கொதித்த நாட்களில் இந்தச் சங்கங்கள்தான் நமக்குத் தைரியம். சாயங்காலம் போனால் நாலு தமிழ் முகம் தெரியும். அந்த உழைப்பைப் பெயர் சொல்லி மதியுங்கள். மதித்துவிட்டு இன்றைய தாராவியைச் சொல்லுங்கள். குடிசைகளை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டும் மறுசீரமைப்பில் இலவச வீடு கிடைக்க, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததைக் காட்டும் காகிதம் வேண்டும். வாடகைச் சீட்டும் பழைய ரேஷன் கார்டும் மழைத் தண்ணீரில் போன குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருப்பார்கள், மராத்தியில் மனு எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஹாலைத் திறந்து வைத்தால் போதும். இந்தத் தீர்மானத்தை நீங்கள் முன்மொழியுங்கள். வழிமொழியப் பொருளாளர் சாரைக் கேளுங்கள்.

அவர் வீட்டுக்கு ஞாயிறு காலையில் போகாதீர்கள், அது தலைவர் வீட்டுக் காபி நேரம். சாயங்காலம் போங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்றால், முதலில் அந்தப் பேச்சை எடுங்கள்.