கெர்னல் 6.18 போட்டதும் டிஸ்க் மவுன்ட் ஆகலையா? ஃபார்மேட் மட்டும் பண்ணிடாதீங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "வீட்டு சர்வர்ல ஒரு டிஸ்க்கை பிகேஷ்எஃப்எஸ்ல வச்சிருந்தேன். லினக்ஸ் கெர்னல் 6.18க்கு மாறினதும் மவுன்ட் ஆக மாட்டேங்குது. குழந்தைங்க போட்டோ எல்லாம் அதுலதான், போச்சா? இதை ஏன் தூக்கினாங்க?"

போட்டோ எங்கயும் போகலைங்க. பிகேஷ்எஃப்எஸ் (bcachefs) டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கற ஒரு முறை, அதாவது ஒரு ஃபைல் சிஸ்டம்; கெர்னல்ங்கறது லினக்ஸோட மையப் பகுதி. டிஸ்க்ல அப்படியேதான் இருக்கு, அதைப் படிக்கத் தெரிஞ்ச கோடு மட்டும்தான் புது கெர்னல்ல இல்ல. ரீஸ்டார்ட் பண்ணி, எந்த கெர்னல்ல பூட் ஆகணும்னு தேர்ந்தெடுக்கற கிரப் மெனுல, கடைசியா எந்த கெர்னல்ல நல்லா மவுன்ட் ஆச்சோ அதையே எடுத்து பூட் பண்ணுங்க. டிஸ்க் தெரிஞ்ச உடனே முதல் வேலை வேற ஒரு டிஸ்க்குக்கு காப்பி எடுக்கறது, மத்தது எல்லாம் அப்புறம்.

இப்ப ஏன் தூக்கினாங்கன்னு பாப்போம். கெர்னல்ல புது வசதி சேர்க்கறதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு, மெர்ஜ் விண்டோன்னு சொல்வாங்க, ரெண்டு வாரம் திறந்திருக்கும், அது மூடி ஆர்சி1ன்னு முதல் சோதனைப் பதிப்பு வந்துட்டா அதுக்கப்புறம் ஏழு எட்டு வாரம் பிழை திருத்தம் மட்டும்தான். பிகேஷ்எஃப்எஸ் 2024 ஜனவரில 6.7ல உள்ள வந்துச்சு. அதை எழுதற கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டுக்கும் கெர்னல்ல எதைச் சேர்க்கறதுன்னு முடிவு பண்ற லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் அந்த வருஷம் ஆகஸ்ட்லயே, 6.11 ஆர்சி நடக்கும்போது, கென்ட் பெரிய பேட்ச் (கோடு மாற்றம்) அனுப்பினதுல உரசல் வந்துடுச்சு. 2025 ஜூன்ல 6.16 ஆர்சி ஓடிட்டிருக்கும்போது ஜர்னல் ரிவைண்டுன்னு ஒண்ணு அனுப்பினார், போன டேட்டாவை பழைய நிலைக்கு மீட்கறதுக்கான வசதி. யூசர் டேட்டா போயிட்டிருக்கும்போது அடுத்த விண்டோ வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு அவர் பக்கம், இது புது வசதி, பிழை திருத்தம் இல்லன்னு லினஸ் பக்கம். லினஸ் அதை எடுத்துக்கிட்டார், ஆனா 6.17ல நாம பிரிஞ்சுடுவோம்னு நினைக்கறேன்னும் சொல்லிட்டார். 6.17ல பிகேஷ்எஃப்எஸ் கெர்னலுக்கு வெளியில பராமரிக்கப்படுதுன்னு குறிச்சாங்க, 6.18ல கோடையே எடுத்துட்டாங்க.

என்னைக் கேட்டா கென்ட்டோட அக்கறை நிஜமானது, ஆனா அந்த விதி சரி. ஒரே கெர்னல்தான் ஆஸ்பத்திரி மெஷின்லயும் ஓடுது உங்க போன்லயும் ஓடுது, கடைசி நேரத்துல ஆளுக்கொண்ணு சேர்த்தா டெஸ்ட் பண்ண நேரமே இருக்காது.

நீங்க பிகேஷ்எஃப்எஸ்லயே இருக்கணும்னா இப்ப அது டிகேஎம்எஸ் (DKMS) மாட்யூலா கிடைக்குது, அதாவது கெர்னல் மாறும்போதெல்லாம் உங்க மெஷின்லயே பில்ட் ஆகற தனித் துண்டு. அப்படி பில்ட் ஆக உங்க கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜும் கூடவே போடணும். செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத கோடை ஓட விடாத பாதுகாப்பு) ஆன்ல இருந்தா மாட்யூலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டு அந்த சாவியை பதிவு பண்ணாம லோடு ஆகாது, நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க. சிஸ்டம் இருக்கற ரூட் பார்ட்டிஷனை மட்டும் இதுல வைக்காதீங்க, ஒரு அப்டேட்ல மாட்யூல் பில்ட் ஆகலைன்னா சிஸ்டமே எழுந்திருக்காது. போட்டோவுக்கு மட்டும்தான்னா நான் எக்ஸ்ட்4 (ext4) ஃபைல் சிஸ்டம் சொல்வேன், ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிஞ்சு வைக்கற ஸ்னாப்ஷாட் வேணும்னா பிடிஆர்எஃப்எஸ் (btrfs). எதுவா இருந்தாலும் காப்பி எடுத்து, அதுல நாலு ஃபைலையாவது திறந்து பாத்த பிறகுதான் பழைய டிஸ்க்ல கை வைங்க.