தீயணைப்பு நிலையத்தில் ஜிம் இருந்தும் யாரும் வருவதில்லையா?

கட்டாயத்தை எடுத்துவிட்டு, பயிற்சியின் பலன் வேலையில் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். வீரர்கள் தாங்களாகவே வருவார்கள். டம்பெல், ட்ரெட்மில் வாங்கிப் போட்டும் தீயணைப்பு நிலையத்தில் யாரும் தொடவில்லை என்கிறீர்கள். காலை பரேடோடு இதையும் இன்னொரு உத்தரவாக நினைக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம்.

ஒன்று செய்து பாருங்கள். பி.ஏ. செட்டை (காற்று சிலிண்டர் உள்ள சுவாசக் கருவியை) மாட்டி, ஹோஸைத் தோளில் போட்டு நான்கு மாடி ஏறட்டும். சிலிண்டர் கேஜை அவரவரே பார்க்கட்டும். 300 பார் அழுத்தத்தில் கிளம்பும் முள் ஒருவருக்குச் சட்டென இறங்கும், இன்னொருவருக்கு மெதுவாக. மிச்சமாகும் காற்று, புகைக்குள் கூடுதல் நிமிடங்கள். இதைவிடப் பெரிய தூண்டுதல் கிடையாது. ஒரு மாதம் கழித்து மறுபடி ஏறிப் பார்க்கட்டும்.

கேஜ் காட்டும் அந்த எண்ணை ரிஜிஸ்டரில் ஏற்றாதீர்கள்; ஏற்றினால் அதுவும் இன்னொரு உத்தரவாகிவிடும். அப்புறம், பிபி, சுகர் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். அமெரிக்காவில் பணியின்போது நேரும் தீயணைப்பு வீரர் மரணங்களுக்கு முதல் காரணமே இதயக் கோளாறுதான்.