ஒரே திண்ணை, ஒரே கிழமை: ஐம்பதைத் தாண்டியவர்களின் ஊர்ப்பணி

கேள்வி: எனக்கு 56 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் சொந்த வீடு. கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. மகன் துபாயில், மகள் கோயம்புத்தூரில். பகல் பொழுதைத் தள்ளுவதே பெரும்பாடாக இருக்கிறது. ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று ஒரு கடற்கரைத் துப்புரவுப் பணிக்குப் போனேன். தொப்பி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. தனுஷ்கோடியில் ஆமை முட்டை பாதுகாக்கும் வேலைக்குப் போகலாமா? ஓர் அமைப்பு 2,500 ரூபாய் கட்டினால் ‘சமூக சேவகர்’ என்று அடையாள அட்டை தருவதாகச் சொல்கிறது, சேரலாமா? முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த 2,500 ரூபாயை முதலில் பேசி முடித்துவிடுவோம் அம்மா. கட்டாதீர்கள். ஊருக்கு உழைக்க எந்த அட்டையும் வேண்டாம். சிங்க முத்திரை மாதிரி ஏதோ ஒன்றை அச்சடித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் கொடுக்கிறார்கள். அதைக் காட்டி நீங்கள் ஓர் அலுவலகத்துக்குள் போனால் உங்கள் மேல் இருக்கும் மரியாதையும் குறையும். வேலை வாங்குகிற அமைப்பு உங்களிடம் நேரம் கேட்கும், பணம் கேட்காது.

ஆமை விஷயம் நல்ல ஆசைதான். பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலேயே இருக்கும். பொரிந்து குஞ்சு வெளிவர ஏறக்குறைய 45 முதல் 60 நாள். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. வனத்துறை ஆட்கள் உடன் இல்லாமல் ஒரு முட்டையைக்கூட நாம் தொடக் கூடாது. முட்டை தேடும் ரோந்து விடியலுக்கு முந்தைய இருட்டில் நடக்கும், அதுவும் கால் புதையும் மணலில் கிலோமீட்டர் கணக்கில். உங்கள் முழங்காலுக்கு அது ஒத்துவராது. பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் போய்ப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும். வருஷத்தில் நாலைந்து நாள் வேலை அது. உங்கள் பகல் பொழுதை அது நிரப்பாது.

பேரிடர் மீட்புப் பயிற்சி பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். ஆப்த மித்ரா பயிற்சிக்கு 18 முதல் 40 வயது வரைதான் எடுக்கிறார்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம். புயலுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதற்கு உங்கள் வயதுதான் சரி. கீழே சொல்கிறேன்.

துப்புரவுப் பணியில் உங்களுக்கு நடந்ததை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். அங்கே நீங்கள் ஐம்பதில் ஒருவர், நீங்கள் வராவிட்டாலும் குப்பை அள்ளப்பட்டிருக்கும். ஐம்பதுக்கு மேல் ஊர்ப்பணி நிலைக்க வேண்டுமென்றால், நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் “அம்மாவை இன்னிக்குக் காணோமே” என்று நாலு பேர் கேட்கிற வேலையாக அது இருக்க வேண்டும். அதற்கு இடமும் கிழமையும் நேரமும் மாறவே கூடாது. அலைந்து திரிகிற சேவையை இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்துக்கு ஊர் வரட்டும்.

உங்களுக்கான வேலை எது என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. காசாளராக இருந்தவர் நீங்கள். பாஸ்புக்கைப் பார்த்த மாத்திரத்தில் எது சரியில்லை என்று சொல்லும் கண் உங்களுக்கு இருக்கும். இந்தக் கரையில் அந்தக் கண்ணுக்குத்தான் பஞ்சம். வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லுங்கள், மனு எழுதிக் கொடுங்கள்.

இப்படி நினைத்துப் பாருங்கள். கடற்பாசி எடுக்கப் போகிற ஒரு பெண் மஞ்சப்பையோடு உங்கள் முன்னால் வந்து உட்காருகிறார். உள்ளே ஒரு பாலிதீன் பை, அதற்குள் இன்னொரு பை. ஆதார் ஜெராக்ஸ் மடிப்பில் அறுந்து நாலு துண்டாகியிருக்கிறது. ரேஷன் அட்டை எழுத்து தேய்ந்துவிட்டது. உப்புக் காற்றில் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மை மேல் தாளோடு வந்துவிடுகிறது. மீனவர் நல வாரிய அட்டையில் ஒரு பெயர், பாஸ்புக்கில் அதே பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1, பள்ளிச் சான்றில் வேறு. பீவி என்பதும் பேகம் என்பதும் ஒரே ஆள்தான் என்று தெருவுக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. “எல்லாருக்கும் பணம் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரலம்மா” என்று அவர் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இந்தப் பைக்குள்தான் இருக்கும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத் தொகை குடும்பத்துக்கு 8,000 ரூபாய். முதியோர் பணம் மாதம் 1,200 ரூபாய். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒருவர் கட்டுகிற 1,500 ரூபாய், அரசின் பங்கும் சேர்ந்து 4,500-ஆகத் திரும்பும். இந்தப் பணமெல்லாம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. கணக்கில் இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவே இல்லையென்றால் அது செயல்படாத கணக்காகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தாரோ அங்கேதான் பணம் போய் உட்காரும் என்பதும் தெரியாது. எப்போதோ யாரோ முகாம் போட்டுத் திறந்து கொடுத்த கணக்கில் பணம் கிடக்கும், அவர் வேறு பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அலைவார். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் கிடைக்காமல் மாதக்கணக்கில் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

புயலுக்கு முந்தைய வேலை என்று சொன்னேனே, அதுவும் இதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால், ஆகஸ்ட் செப்டம்பரில், உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். அதில் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், மீனவர் அட்டை, படகு இருந்தால் அதன் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. எல்லாவற்றின் எண்களையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி முன்னால் வையுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி புயலில் அழிந்துபோன கதையைப் பாட்டிமார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற கரை இது. புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் அந்தக் கவரை மட்டும் கையில் எடுத்தால் போதும் என்று இருக்க வேண்டும்.

அந்தக் கவர் இன்னொரு நாளுக்கும் உதவும். படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று விடிகாலையில் போன் வருகிற வீட்டில், அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆள் ஆளுக்கு ஆவணம் கேட்பார்கள். மீனவர் அட்டை எண், ஆதார், படகின் எண், கடலுக்குப் போன நாள். அழுதுகொண்டிருக்கிற பெண்ணால் பெட்டிக்குள் தேட முடியாது. அந்த நேரத்தில் உங்கள் கையால் தெளிவாக எழுதிய ஒரு மனு, எண்களில் பிழையில்லாமல், மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் போனால், அந்தக் குடும்பம் ஒரு பகல் முந்திக்கொள்ளும்.

கிழமையை நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள், கடலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு கரை திரும்புகிற காலையில் பெண்களுக்கு மீன் பிரிக்கவும் ஏலத்துக்கும் ஓடவுமே நேரம் சரியாக இருக்கும். அன்று சாயங்காலம் கொஞ்சம் ஓய்ந்து உட்காருவார்கள். புதுமடம் மாதிரி, மன்னார் வளைகுடாவான தென்கடல் பக்கத்து ஊரென்றால் கணக்கு வேறு. பாசிக்குப் போகிறவர்கள் அமாவாசை பௌர்ணமி பார்த்துத்தான் போவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை. என்னைக் கேட்டால் வியாழன் மாலை நாலிலிருந்து ஆறு வரை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்திருக்கும், கடைசி பஸ்ஸுக்கும் நேரமிருக்கும், சர்க்கரைக்காரர் நீங்கள் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டி வராது. இடம் உங்கள் வீட்டுத் திண்ணையாக இருப்பதைவிட மகளிர் குழுக் கட்டடமோ, ஜமாஅத் அலுவலகத் தாழ்வாரமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னறையோ நல்லது. வீடென்றால் சிலர் வரத் தயங்குவார்கள். கிழமையும் நேரமும் கெடாது என்ற நம்பிக்கை வராமல் பொது இடத்தைத் தர மாட்டார்கள், அதனால் முதல் ஒரு மாதம் கிடைத்த இடத்தில் உட்காருங்கள். தொடங்குவதற்கு முன் ஊர்த் தலைவரையும் பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாக நினைக்க வேண்டாம், மரியாதை அது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷத்துக்கு முன், தொண்டிப் பக்கத்தில் ஒரு பாட்டியின் முதியோர் பண விண்ணப்பத்துக்கு அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் அவரை எழுப்பிக் கேட்க வேண்டாமே என்று பாஸ்புக்கையும் ஆதாரையும் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் மயங்கி விழுந்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். கையில் காசில்லை, கணக்கிலிருந்து எடுக்கப் பாஸ்புக் இல்லை, நான் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்து உதவினார். பாட்டி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. யாருடைய அசல் ஆவணமும் ஓர் இரவுகூட உங்களிடம் தங்கக் கூடாது. பார்த்து, எழுதி, அவர் கண் முன்னாலேயே அந்தக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தையும் தொடாதீர்கள். ஜெராக்ஸுக்கு இருபது ரூபாய் என்றாலும் அவரே கடையில் கொடுக்கட்டும். ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வந்தால் அவர் போனை அவரே பார்த்து இ-சேவை மையத்துக்காரரிடம் சொல்லட்டும். யாருக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள், சாட்சிக் கையெழுத்தும் நேரில் பார்த்ததற்கு மட்டும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கச் சொல்லி, அதன் எண்ணை உங்கள் நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு இராமநாதபுரம் போகிறவர்கள் இங்கேயே மனுவை எழுதிக்கொண்டு போனால், அங்கே வாசலில் காசு கொடுத்து எழுத வேண்டியதில்லை.

“இது நடக்கும், பணம் வந்துவிடும்” என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். “சரியாக எழுதியிருக்கிறோம், அடுத்த வியாழன் வாங்க, பார்ப்போம்” என்பது போதும்.

எழுத்து வேலை அலுத்துப்போகும் நாளும் வரும். அப்போது பக்கத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். சம்பளம் கிடையாது, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார். திண்ணைக்கு வருகிறவர்களில் கைநாட்டு வைக்கிற இரண்டு பேரைப் பிடித்துத் தொடங்கலாம். தன் பெயரைத் தானே எழுதிப் பணம் எடுத்த அன்று அவர்கள் நடக்கிற நடையே வேறாக இருக்கும். இன்னொன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. உங்கள் நோட்டில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், ஊருணியோ தெருவிளக்கோ ரேஷன் கடையோ, அதை அங்கே எழுந்து சொல்லித் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

மகனும் மகளும் “உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை” என்பார்கள். ஒரு வியாழன் அவர்கள் ஊரில் இருக்கும்போது கூட உட்கார வையுங்கள். போனில் தேடுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

முதல் நாள் கையில் இருக்க வேண்டியவை: நீளக் கோட்டு நோட்டு ஒன்று, நீல மைப் பேனா நான்கு, ஸ்டேப்ளர், பிளாஸ்டிக் கவர் பத்து, தண்ணீர் பாட்டில், தேய்ந்த எண்களைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி. முதல் வாரம் யாரும் வராமலே போகலாம், இரண்டாம் வாரம் விசாரித்துவிட்டுப் போவார்கள். ஆறு மணி வரை எழுந்திருக்காதீர்கள். மூன்றாம் வாரம் ஒரு மஞ்சப்பை வரும்.