சிரிப்பு அழகாகத் தெரியும்படி பல்லை அமைக்கிற ஸ்மைல் டிசைனுக்கு நிஜமாகவே விதிகள் உண்டா, இல்லை வெறும் வியாபாரமா? மூன்று மாதத்தில் கல்யாணம், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடு) போடலாமா?

விதிகள் உண்டு. அந்த வரிசையில் நிறம் கடைசியில்தான் வரும். கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதோ அதைத்தான்.

நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் ஒரு டென்டல் லேபில் செராமிக் வேலை பார்க்கிறேன். டாக்டர் அனுப்புகிற அளவை வைத்து கேப், வெனீர் செய்து கொடுப்பது என் பிழைப்பு. முன்பல் கேஸ் என்றால் கிளினிக்குக்கே கூப்பிட்டுவிடுவார்கள்.

போனதும் பார்ப்பது நடு முன்பல் இரண்டின் நீளத்தை. "அம்மா" என்று சொல்லிவிட்டு உதட்டைத் தளர விடச் சொல்வோம். அந்த நிலையில் இளம் பெண்களுக்குச் சுமார் 3 மி.மீ., ஆண்களுக்கு 2 மி.மீ. அளவு மேல்பல் தெரியும். வயது ஏற ஏற மேல் உதடு இறங்கி மேல்பல் மறையும், கீழ்ப்பல் தலைகாட்டும். அதனால்தான் நீளம் குறைந்த முன்பல் ஆளை வயதானவராகக் காட்டுகிறது.

அடுத்தது பேச்சு. பாடப் புத்தகத்தில் எஃப், வி ஒலிகளைச் சொல்லவைத்துப் பார் என்று இருக்கும். நான் "வைரவன்பட்டி" சொல்லச் சொல்வேன், நம்ம பக்கத்தில் அந்தக் கோயில் தெரியாதவர் யார்? 'வை' என்னும்போது மேல்பல் விளிம்பு, கீழ் உதட்டின் ஈரப் பகுதியும் காய்ந்த பகுதியும் சேர்கிற கோட்டில் லேசாகத் தொட வேண்டும். உதட்டுக்கு வெளியே போய் இடித்தால் பல் நீளம்.

நீளம் முடிவானால் அகலம் தானாக வந்துவிடும். நடுப்பல்லின் அகலம் அதன் உயரத்தில் 75 முதல் 80 சதவீதம். 80-ஐத் தாண்டினால் கட்டையாகத் தெரியும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்யாணப் பெண் அப்பத்தாவோடு வந்திருந்தாள். போனில் நடிகை படம், "முத்துக் கோத்த மாதிரி வேணும்ண்ணே" என்றாள். பல்லைத் தேய்த்துக் குறைக்காமலே, மெழுகில் செய்த வடிவத்தைத் தற்காலிக ரெசினில் எடுத்து அவள் பல் மேல் வைத்துக் காட்டினோம். இதற்கு மாக்-அப் என்று பெயர். அவளுக்குச் சந்தோஷம். அப்பத்தாதான் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, எல்லாம் ஒரே மட்டமால்ல இருக்கு, வயசானவுக பல்செட்டு கணக்கா" என்றார்.

எந்தக் கோர்ஸும் படிக்காமல் அந்த அம்மா சொன்னது அசல் விதி. மேல்பல் விளிம்புகள் நேர்கோடாக நிற்கக் கூடாது, சிரிக்கும்போது கீழ் உதட்டின் வளைவை ஒட்டியே வளைய வேண்டும். பக்கத்துப் பல்லை அரை மில்லிமீட்டர் ஏற்றி, அதன் மூலையைத் தேய்க்கும் டிஸ்கால் கொஞ்சம் உருட்டி, பற்களுக்கு நடுவே கீழ்ப்பக்கம் இருக்கிற சின்ன முக்கோண இடைவெளி நடுவிலிருந்து பின்னால் போகப் போகப் பெரிதாகும்படி திறந்துவிட்டேன். அதே ரெசின், அதே நிறம், முகம் மாறிவிட்டது.

தங்க விகிதம் என்று 1.618 கணக்கு காட்டி யாராவது பேசினால் மிரள வேண்டாம். முன்னாலிருந்து பார்க்கும்போது பக்கத்துப் பல், நடுப்பல்லின் அகலத்தில் 62 சதவீதம் தெரிய வேண்டும் என்பது அது. பிரெஸ்டன் என்ற ஆய்வாளர் 1993-ல் அளந்து பார்த்தபோது சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான் அப்படி இருந்தது. அப்படியே செய்தால் பக்கத்துப் பல் ஒல்லியாகப் போய்விடும். நடு முன்பல் இரண்டுக்கும் இடையிலான நடுக்கோடு விஷயமும் இப்படித்தான். அது 4 மி.மீ. நகர்ந்திருந்தாலும் சாதாரண மக்கள் கண்டுபிடிக்கவில்லை, 2 மி.மீ. சாய்ந்தால் கண்டுபிடித்தார்கள் என்று கோகிச் என்ற ஆய்வாளரின் குழு 1999-ல் எழுதியது. கோடு நகரலாம், சாயக் கூடாது.

சிரிக்கும்போது ஈறு 1, 2 மி.மீ. தெரிவது அழகுதான். ரொம்பத் தெரிந்தால் காரணம் ஈறா, தாடை எலும்பா, உதடா என்று டாக்டர் பார்க்க வேண்டும், வெனீரால் அது தீராது.

இப்போது நிறம். வெத்தலை, காபிக் கறை என்றால் ஸ்கேலிங்கிலேயே (கிளினிக்கில் பல்லைச் சுத்தம் செய்வது) போய்விடும், அதற்கு வெனீர் போடுவது வீண் செலவு. கோரைப்பல் மற்றதைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுதான் இயல்பு. எல்லாப் பல்லும் ஒரே வெள்ளை என்றால் செயற்கை என்று எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். ஷேட், அதாவது பல் நிறம், பார்ப்பதை பல்லைத் தேய்க்கும் முன்பே முடிக்க வேண்டும், தேய்க்கும் நேரத்தில் பல் காய்ந்து வெளுத்துக் காட்டும். லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் போங்கள். கிளினிக் டியூப் லைட்டை நான் நம்புவதில்லை. செட்டிநாட்டு வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) முற்பகலில் விழுகிற வெளிச்சம் இருக்கிறதே, ஷேட் பார்க்க அதுதான் எனக்குப் பிடித்தது. எந்த டாக்டர் வளவில் நாற்காலி போடப்போகிறார்!

உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது. பல் வரிசை நன்றாக இருந்தால் ஸ்கேலிங், பிளீச்சிங் போதும். பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது விட்டுத்தான் வெனீர் ஒட்ட வேண்டும், உடனே ஒட்டினால் பிடிப்பு குறையும். தெத்துப்பல்லைச் சரிசெய்ய கிளிப்தான் முறை, ஆனால் இந்த அவகாசம் பெரும்பாலும் பத்தாது. அவசரத்துக்கு அதைத் தேய்த்து கேப் போடச் சம்மதிக்காதீர்கள், போன எனாமல் திரும்ப வளராது. கல்யாணத்துக்குப் பிறகு கிளிப் போட்டுக்கொள்ளலாம். வெனீர்தான் என்று முடிவானால் மாக்-அப்போடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள் சாப்பிட்டு, பேசி, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு அப்புறம் தேய்க்கச் சொல்லுங்கள்.